ராணியின் இடது கண்

அன்புள்ள அருளப்பா,

புதன்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. உன் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு, அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அம்மாவுக்குச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். சம்மதம் இல்லை. நாளைக்குப் பூசை முடிந்து நீ பெங்களூர் ரயிலுக்குக் கிளம்புவதற்குள் இதை எழுதி முடித்து, உன் பெட்டியில் சோப்புக் கட்டிகளுக்கு மேலே வைத்துவிடப் போகிறேன். நேரிலேயே சொல்லலாமே என்பாய். நேரில் பேசினால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு அதற்கும் முன்னால் வந்துவிடும். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்த பிறகு பார்த்தால், சொல்ல வேண்டியது மட்டும் சொல்லாமல் கிடக்கும். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டே பழகியவள் நான். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

நீ கேட்டது இதுதான். பெங்களூரில் அந்தப் பெரிய கடைக்காரர், நாய்க்கு உண்ணி போக நாம் காய்ச்சுகிற சோப்பை மாதம் ஐம்பது டஜன் எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் உண்ணியெல்லாம் ஒரே குளியலில் செத்து உதிர வேண்டும் என்கிறார். நம் சோப்போ வாரம் ஒரு குளியலாக மூன்று வாரம் கேட்கிறது. "கொஞ்சம் சீத்தாப்பழ வெதையப் பொடி பண்ணிக் கலந்துட்டா தீந்துதும்மா. ஒரே நாள்ல உதுந்துடும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றாய். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய். அந்தக் கடைசி வார்த்தைகளை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். தியாகராய நகரில், ஜவுளிக்கடை அம்மா வீட்டுக் கிணற்றடியில் வைத்துக் கற்றுக்கொடுத்தேன். அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி. ரயிலில் உனக்கு வேறு வேலை ஒன்றும் கிடையாது.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். மேசை நாற்காலிகளை ஏலம் விட்டார்கள். நாய்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுவரை வாசலில் வருகிற தெருநாய்க்கு மிச்சச் சோறு வைத்ததோடு சரி என்றிருந்த வீடுகளில், அடையாற்றிலும் தியாகராய நகரிலும், சீமை நாய்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டன. அப்படி வந்தவள்தான் ராணி. காது இரண்டும் தட்டில் விழுகிற அளவுக்குத் தொங்கும். உடம்பெல்லாம் நீள நீளமாக முடி. ஜவுளிக்கடை அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடை மயிலாப்பூரில், தோட்டம் துரவோடு வீடு பானகல் பூங்காவுக்குப் பின்னால். அவருடைய பெண்கள் இருவருக்கும் நான் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கப் போவேன். முடிகிற நேரத்துக்கு நீ சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவாய். ராணிக்கு நம் ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஊர் உண்ணிக்கோ ராணியை ரொம்பப் பிடித்துவிட்டது. காதுக்குள், விரலிடுக்கில், கழுத்து மடிப்பில், எங்கே விலக்கிப் பார்த்தாலும் உண்ணி. சீமை நாய் சோப்பு யுத்தத்தோடு வருவது நின்றுபோயிருந்தது. கார்பாலிக் சோப்புப் போட்டுத் தேய்த்து அவள் தோல் வெந்ததுதான் மிச்சம். தோட்டக்காரர் முனுசாமி ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுவார். மறுநாள் பார்த்தால் பழையபடி அப்பிக்கொண்டிருக்கும்.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றேன் நான். என் கர்வம் உனக்குத் தெரியாததா? எத்தனை பெண்பிள்ளைகளின் தலையைப் பேன் இல்லாமல் பண்ணியிருக்கிறேன். சீத்தாப்பழ விதையை இடித்து எண்ணெயில் குழைத்துத் தலையில் அப்பி, நெற்றியைச் சுற்றி இறுக்கமாகத் துணியைக் கட்டி, "கண்ணத் தொறந்தே, அடி விழும்" என்று மிரட்டி உட்கார வைத்தால் தலை சுத்தமாகிவிடும். அந்த விதை கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும் என்று தெரியாதவளா நான்? தெரிந்துதான் துணி கட்டுவது. ராணிக்கும் கழுத்துக்குக் கீழேதான் தடவினேன். முகத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. ரொம்ப ஜாக்கிரதையாகச் செய்துவிட்ட நினைப்பில் கையைக் கழுவப் போனேன். பெண்பிள்ளை மிரட்டினால் உட்கார்ந்திருக்கும், நாய் உடம்பு ஈரமானால் உதறும் என்கிற ஒரு சின்ன விஷயம், இத்தனை படித்த டீச்சருக்குத் தோன்றவில்லை. தலையிலிருந்து வால் வரைக்கும் ஓர் உதறு உதறினாள். அந்தப் பெரிய காதுகள் முதுகில் அடித்து, மருந்தை வாரி முகத்திலேயே வீசின. பிறகு முன்னங்காலால் இடது கண்ணைத் தேய்க்க ஆரம்பித்தாள். நீதான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாய். வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்து ஊற்றினோம். அவள் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. சில நாளில் அந்தக் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது.

ஜவுளிக்கடை அம்மா அன்றைக்குக் கடையிலிருந்து திரும்பி வந்து, "கண்ணுக்கு என்ன டீச்சர் ஆச்சு?" என்று கேட்டார். அன்று காலைதான் முனுசாமி கொடுக்காப்புளி வேலியை வெட்டிக் கிணற்றடி ஓரத்தில் குவித்திருந்தார். என் கண் அந்தக் குவியல்மேல் போயிற்று. "முள்ளு ஏதாவது குத்தியிருக்கும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை அருளப்பா. யோசிக்காமலே இவ்வளவு சுத்தமாகப் பொய் வந்ததே என்றுதான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர் உள்ளே போனதும் நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போதுதான் உன் காதோடு சொன்னேன்: "யாருக்குத் தெரியப் போவுது? வாயத் தொறக்காத." மறுவாரம் நாம் போனபோது தோட்டத்தில் முனுசாமி இல்லை. முள்ளைப் போட்டு வைத்ததற்காக அவரை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

நம் சோப்பு அங்கேதான் பிறந்தது. நீ கடைக்காரர்களிடம் சொல்கிறாயே, ஒரு பெரிய வீட்டில் நாய் படுகிற பாட்டைப் பார்த்து மனம் இரங்கி அம்மா கண்டுபிடித்தது என்று, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலிருக்கும். குற்ற உணர்ச்சிதான் என்னை வாராவாரம் அந்தக் கிணற்றடிக்கு இழுத்தது. உண்ணியை விரட்ட வேண்டும், ஆனால் நாய் நக்கினாலும் கெடுதல் வரக் கூடாது, கண்ணில் தெறித்தாலும் கண் போகக் கூடாது. இது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. கைக்குழந்தைக்கே உரைத்துக் கொடுக்கிற வசம்பை எடுத்துக்கொண்டேன். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் தேங்காய் எண்ணெயோடு சேர்த்தேன். வசம்பு ஒரு செபமாலை முழுக்கச் சொல்லி முடிக்கிற நேரம் கொதிக்க வேண்டும் என்று நான் கணக்கு வைத்திருக்க, "இத லேபிள்ல எப்படிம்மா போடறது?" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். முதலில் வந்தது சோப்பா களியா என்று நமக்கே தெரியவில்லை. இரண்டாவது தடவை கட்டியானதும் உனக்குப் பொறுக்கவில்லை. எண்ணெயைக் கட்டியாக்கப் போட்ட சோடாக் காரம் அடங்குவதற்குள் பதினைந்தாம் நாளே எடுத்துத் தேய்த்து, உன் உள்ளங்கைத் தோல் உரிந்தது. சோப்பும் நாற்பது நாள் தவக்காலம் இருந்தாக வேண்டும் என்று அன்றிலிருந்துதான் சட்டம் போட்டேன்.

உன் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா குறையை மட்டும் எழுதினாள் என்பாய். உடம்பில் தண்ணீர் பட்டதும் உண்ணியெல்லாம் காதைப் பார்த்து ஓடுவதைக் கவனித்தவன் நீ. முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போட்டுவிட்டுப் பிறகு உடம்பை நனைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவனும் நீதான். நுரை கால் மணி நேரம் ஊற வேண்டும், நாயோ கால் நிமிஷம் நிற்காது. அதற்கு என்ன செய்வது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நாலு காலும் நுழைகிற மாதிரி ஒரு சட்டை தைத்து, நனைத்து ராணிக்கு மாட்டிவிட்டாய். அவள் பாட்டுக்குச் சட்டையோடு தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்தாள், நுரையும் கலையவில்லை. அந்தப் பெண்கள் இரண்டும் சிரித்த சிரிப்பில் அன்றைக்குப் பாடமே நடக்கவில்லை. டப்பாவும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், ஒரு ஆள் ஒரு மணி நேரம் குந்தியிருக்கவும் வேண்டாம். சோப்பும் துணிச்சட்டையும் சேர்த்து விற்கலாம் என்று நீ சொன்னபோது எனக்கு உன்மேல் அத்தனை பெருமை வந்தது. உன் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை, சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

ஒன்று உனக்குத் தெரியாது. முதல் நல்ல கட்டி வந்ததும் அதை நான் உன்னிடமும் கொடுக்கவில்லை, ராணிக்கும் போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, என் முகத்தில் நுரையைப் பூசி, இடது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். எரிந்தது. நன்றாகவே எரிந்தது. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுச் செபமாலையை எடுத்தேன். முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் தணிந்துவிட்டது. மறுநாள் காலையில் கோயிலில் பாட்டுப் புத்தகத்தின் பொடி எழுத்தை அந்தக் கண்ணாலேயே படித்துப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் ராணியின்மேல் கை வைத்தேன். உனக்கு இந்தச் சோப்பு ஒரு வியாபாரம். எனக்கு இது நான் கொடுத்துக்கொண்டிருக்கிற வாக்கு. அதில் போய் அந்த விதையைக் கலக்கச் சொல்கிறாய்.

மூன்று வருஷமாக ஜவுளிக்கடை அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க டீச்சர் மாதிரி தங்கமான மனுஷி கிடையாது, அந்தக் குருட்டு நாய்க்காக வாராவாரம் வாராவ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு மோரும் குடித்தேன். சோப்புக்கு ராணி என்று பேர் வைத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. லேபிளுக்குப் படம் வரைய ஆள் வந்த அன்று, நீ ராணியை வலது பக்கம் மட்டும் தெரியும்படி திருப்பி உட்கார வைத்தாய். "சைடுல பாத்தாதான் காது அழகா வரும்" என்றாய். நான் உன்னைப் பார்க்காமல் அவள் காதைச் சீவிவிட்டேன். நீயும் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு நாசூக்காக மறைக்க உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

எனவே நீ விதையைப் பற்றிக் கேட்டதற்கு மறுநாள், வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தியாகராய நகருக்குப் போனேன். பாடம் சொல்லிக்கொடுக்கிற நாள் இல்லையே என்று அந்த அம்மா ஆச்சரியமாகப் பார்த்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விதை, உதறல், முள் என்று நான் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அவர் ராணியைப் பக்கத்தில் இழுத்து அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு, "அந்த முனுசாமிய நான் வையாத வசவு இல்ல டீச்சர். அவன் இல்லம்மா இல்லம்மான்னு அழுதான். நீங்க அப்பவும் இங்கனதான இருந்திய?" என்றார். ஆமாம் என்றேன். "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இனி வர வேண்டாம். என் மனசு ஆறுனா நானே சொல்லி விடுதேன்" என்றார். நியாயம்தான். சோப்பிலிருந்து ராணி பேரை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வாசல் வரைக்கும் வந்தவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "பேரு கெடக்கட்டும். உள்ள என்ன போடுதியன்னு பாத்துப் போடுங்க" என்றார். நான் படியிறங்கும்போது ராணி பின்னாலேயே வந்து, வழக்கம்போல என் புடவைத் தலைப்பை முகர்ந்தாள். அவளுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை அடையாற்றுக்குப் போனேன். முனுசாமி இப்போது ஆற்றோரத்தில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். பாத்தி வெட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னாம்மா நீ, மூணு வருசம் கயிச்சு வந்து சொல்றே. ஆறு மாசம் வேல இல்லாம ரிக்சா இஸ்துக்கினு கெடந்தேன். முள்ள நாந்தான் சரியா வாரலியோன்னு என்னையே திட்டிக்கினு இருந்தேன்" என்றார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு இப்போ சொல்லத் தெரியாது. அந்தம்மாகிட்ட சொல்ட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். "அது போதும்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். நான் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து கேட்டார்: "அந்த நாயி எப்டி கீது?" உண்ணி இல்லாமல் நன்றாக இருக்கிறாள் என்றேன். "காதுக்குள்ள பாத்துக்கோ, அங்கதான் போயி ஒளிஞ்சிக்கும்" என்றார். ஐம்பது டஜன் கேட்கிற கடைக்காரரின் யோசனையைவிட எனக்கு அந்த யோசனை பெரிது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பெங்களூர்க்காரரிடம் மூன்று வாரம் ஆகும் என்றே சொல். ஏன் ஆகும் என்று கேட்டால் விளக்கு. உனக்குத்தான் விளக்கத் தெரியுமே. கண்ணில் பட்டால் எரியும், கழுவினால் போய்விடும் என்று சொல். கழுத்தில் வளையம் போடுவதையும் சட்டை மாட்டுவதையும் அவர் வீட்டு நாய்க்கே செய்து காட்டு. அவர் வேண்டாம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போ. பெங்களூரில் ஒரே ஒரு கடைதான் இருக்கிறதா என்ன? எந்தக் கடையும் எடுக்காவிட்டால் வீட்டுக்கு வா. வாசலில் வைத்து விற்போம், வீடு வீடாகப் போய் நாயைக் குளிப்பாட்டிக் காட்டி விற்போம், நானும் வருகிறேன். இந்தத் தொழிலை நான் விடப் போவதில்லை, உன்னையும் விட விட மாட்டேன். ஆனால் விதைப்பொடி ஒரு சிட்டிகை சேர்ந்தாலும் அன்றோடு அடுப்பை அணைத்துவிடுவேன். உன்னைப் பெற்றவள் எவ்வளவு பிடிவாதக்காரி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் முன்பே கட்டிகளில் லேபிள் இல்லாததைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். நான்தான் கிழித்தேன். இன்று காலை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிழித்தேன். அடையாற்றிலிருந்து திரும்பும் வழியில் மயிலாப்பூரில் இறங்கி, படம் வரைகிறவரைப் பார்த்து, ராணியை நேர்முகமாக வரைந்து தரச் சொன்னேன். "ஒத்தக் கண்ணு நாயப் போட்டா எவன் வாங்குவான்?" என்று அவர் தயங்கினார். நான் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன், வேறு வழியில்லாமல் வரைந்தார். பென்சில் படம்தான், இந்தக் கடிதத்துக்கு அடியில் இருக்கிறது. இரண்டு காதும் தொங்க, நம்மை நேராகப் பார்க்கிறாள். கடைக்காரர் அந்த இடது கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கட்டாயம் கேட்பார். எங்கள் அம்மா கெடுத்த கண் என்று சொல். அதற்கப்புறம் சோப்பை எடுத்துக் காட்டு.

உன் அம்மா